பாம்புக்கு வைத்த பால்

1973 மார்ச் 10, சனிக்கிழமை. ஜெர்மனியின் ஆஹென் நகரம். காலை 8.40.

வெளியூரிலிருந்து திரும்பிய லிண்டமான் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பயணப் பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தார். அங்கிருந்த கண்ணாடிக் கூண்டின் மேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கினார். கூண்டின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே சூடு தரும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரப்பட்டைக்குப் பின்னால் பாசியின் மேல் நீளமாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. பாம்பைக் காணவில்லை.

பாம்பின் பெயர் லோட்டெ. ஐந்தடி நீள போவா, மலைப்பாம்பு போன்றது, விஷம் கிடையாது. லிண்டமான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். மனைவி இறந்த வருடம் அதை வாங்கியவர். ஐந்து வருடமாக அந்த வீட்டில் அவரோடு தனியாக இருந்த ஜீவன் அது ஒன்றுதான். மாடியில் வாடகைக்கு இருக்கும் இரண்டு இந்தியர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

தட்டு அகலத்துக்கு இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அப்போதுதான் கவனித்தார். அதில் தண்ணீர் இல்லை. வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. புளித்த பால்.

8.45க்கு மாடிப்படியில் நின்று அவர் போட்ட சத்தத்தில் பார்த்தசாரதி பல் தேய்க்கும் பிரஷோடு இறங்கி ஓடிவந்தான். இயந்திரப் பொறியியல் மாணவன், இருபத்து நான்கு வயது, முட்டைகூடத் தொடாதவன். முந்திய இரண்டு நாளும் சாவி இருந்தது அவனிடம்தான். பால் வைத்தது யார் என்று கேட்டதும், நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டான். பாம்பு எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை.

லிண்டமான் சுருக்கமாகச் சொன்னார். திங்கட்கிழமை காலைக்குள் பாம்பு எங்கே என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அறை கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

அறை போனால் வேறு அறை தேடலாம். கையெழுத்துதான் அவனை உலுக்கியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசா நீட்டிக்கப் போக வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்தில்லாத தாள் அங்கே செல்லாது. விசா இல்லையென்றால் படிப்பு பாதியில் நிற்கும். அவன் நேரே தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினான்.

காலை 10.15.

வத்சலா வந்து சேர்ந்தாள். சென்னையில் தோல் வேதியியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காக ஆஹெனுக்கு வந்து நான்கு வருடமாகிறது. முப்பத்திரண்டு வயது. வெள்ளாட்டுத் தோலா, செம்மறித் தோலா என்று கண்ணை மூடித் தடவிச் சொல்லுவாள். போன தீபாவளிக்கு மாணவர் விடுதியில் காணாமல் போன பிரஷர் குக்கரை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தவள் என்பதால், தமிழ் மாணவர்களுக்கு அவளிடம் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பயம்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பார்த்தசாரதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அழுதது போதும். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சாவி எப்ப உன் கைக்கு வந்துச்சு?"

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அக்கா. லேப்ல இருந்து வந்ததும் பக்கத்து ரூம் பாஸ்கரன் சார் குடுத்தாரு. ஞாயிறுல இருந்து புதன் வரைக்கும் அவர் டர்ன். அப்புறம் நான்."

"பால் எப்ப வச்சே?"

"ஏழு மணிக்கு."

"பாம்பைப் பாத்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாக்கலை அக்கா. தோல் உரிக்கப் போகுது, துண்டை எடுக்காதே, பெட்டியைத் திறக்காதே, சாப்பாடு வைக்காதே, தண்ணி மட்டும் ஸ்ப்ரே பண்ணுன்னு வீட்டுக்காரர் எழுதி வச்சிருந்தாரு. துண்டைத் தூக்காம, பூட்டைத் திறந்து முன்னாடி இருக்கிற சின்னக் கதவு வழியா கையை விட்டு வச்சேன். உள்ள பதுங்கியிருக்குன்னு நினைச்சேன்."

"சாப்பாடு வைக்காதேன்னா பால் எதுக்கு?"

"பத்து நாளாப் பட்டினியாக் கிடக்குதேன்னுதான். நம்ம ஊர்ல நாகருக்குப் பால் வைக்கிறதில்லையா? எலியெல்லாம் என்னால குடுக்க முடியாது, இதாவது செய்யலாமேன்னு..."

"பாட்டில்ல இருந்து அப்படியே ஊத்தினியா?"

"பச்சைப் பாலையா?" பார்த்தசாரதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "நல்லாக் காய்ச்சி, வெதுவெதுன்னு ஆத்தி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு வச்சேன்."

வத்சலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம் எல்லாம் அந்தப் பாம்புக்கு நடந்திருக்கிறது. சாட்சியாக வரப்போவதும் அந்தப் பால்தான் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

காலை 10.40.

பின்னறையில் இருந்த ஒரே ஜன்னல் குளிருக்காக நவம்பரிலேயே சுற்றிலும் காகித நாடா ஒட்டி மூடப்பட்டிருந்தது. நாடா எங்கும் கிழியவில்லை. அறைக் கதவுச் சாவியும் கூண்டின் பூட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. வேறு சாவி கிடையாது என்றார் லிண்டமான். அவருக்குத் தமிழ் தெரியாது. வத்சலா அவரோடு ஜெர்மனில்தான் பேசினாள்.

"நீங்கள் புறப்பட்டபோது பாம்பு எப்படி இருந்தது?"

"மூன்றாம் தேதி, சனிக்கிழமை. கண் இரண்டும் நீலம் பாரித்து மங்கியிருந்தன. தோல் உரிவதற்கு முன் அப்படித்தான் ஆகும். அப்போது அதற்குக் கண் தெரியாது, தொட்டால் மிரளும், சாப்பிடாது. நாலைந்து நாளில் கண் தெளியும். அதன் பிறகு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சுருண்டு மணிக்கணக்கில் ஊறும். ஊறினால்தான் தோல் முழுசாகக் கழன்று வரும். எப்போதும் அப்படித்தான் செய்யும்."

வத்சலா கூண்டுக்குள் பார்த்தாள். இடது மூலையில் பாம்பு பதுங்கும் மரப்பெட்டி. அதன் வாசலை அடைத்தாற்போலப் பாத்திரம். பாத்திரத்துக்கு அப்பால் மரப்பட்டை. அதன் பின்னால் சட்டை. வெப்பத்தில் பால் திரிந்து கட்டியாகிவிட்டது. மேலே மஞ்சள் பாரித்த தடித்த ஆடை, ஓரத்துக்கு ஓரம் படிந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சட்டையை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்து, ஈரத் துணியை விரித்து அதன்மேல் கிடத்தினாள். கிழியாத சட்டை. தலையிலிருந்து வால் வரை ஒவ்வொரு செதிலாகத் தடவிப் பார்த்தாள். முதுகு வரிசையில் ஐந்து இடத்தில் அவள் விரல் நின்றது.

"குறிப்பேடு வைத்திருக்கிறீர்களாமே?"

லிண்டமான் நீட்டினார். ஐந்து வருடக் குறிப்பு. எப்போது எலி கொடுத்தது, எப்போது கழிந்தது, எப்போது தோல் உரித்தது, எல்லாம் தேதிவாரியாக ஆசிரியர் கையெழுத்தில். வத்சலா ஒரு பக்கம் விடாமல் படித்தாள். போன வருடத்தில் இரண்டு இடத்தில் நிதானித்தாள்.

"நவம்பர் 12: உயிருள்ள எலி திருப்பிக் கடித்துவிட்டது. கழுத்துக்குக் கீழே, இடப்பக்கம், மூன்று செதில் போயிற்று. இனி செத்த எலிதான்."

"டிசம்பர் 30: தோல் உரித்தது. எலி கடித்த தழும்பு சட்டையிலும் தெரிகிறது."

கடைசிப் பக்கத்தில் இந்த வாரம். ஞாயிறு, திங்கள், செவ்வாய்: "கண் மங்கல், தண்ணீர் தெளித்தேன், பா." புதன்: "கண் தெளிந்துவிட்டது. இன்னும் உரிக்கவில்லை. நலம். பா." வியாழனும் வெள்ளியும்: "தண்ணீர் தெளித்தேன், பார்த்த."

"உரித்த சட்டைகளை என்ன செய்வீர்கள்?"

"பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பேன். கேட்கிறவர்களுக்கும் கொடுப்பேன்."

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துணிப்பையை வத்சலா எடுத்தாள். கூண்டைக் கழுவும் நாளில் பாம்பைப் போட்டுவைக்கும் பை அது என்றார் அவர். கடைசியாக அந்தப் பையை எடுத்தது ஜனவரியில். அவள் பையை உள்வெளியாகத் திருப்பி உதறினாள். ரோஜா நிறத்திலும் பச்சையிலும் பொட்டு அளவில் மூன்று காகிதத் துணுக்குகள் தரையில் விழுந்தன. லிண்டமான் அவற்றைக் கவனிக்கவில்லை. அவர் பாலைப் பார்த்து இன்னும் கொதித்துக்கொண்டிருந்தார்.

காலை 11.15.

வீட்டைத் துடைக்க வரும் கெஸெல் அம்மாள் சனிக்கிழமை சம்பளம் வாங்க வந்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை சாவி அவரிடம் இருந்தது.

"கூண்டுக்குள் பார்த்தீர்களா?"

"நான் ஏன் பார்க்க வேண்டும்? அந்தப் பிசாசைப் பார்க்க எனக்குச் சம்பளம் கிடையாது."

"அது தொலையட்டும் என்று சொல்லியிருக்கிறீர்களாம்."

"ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இப்போதும் சொல்வேன்." கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் தரையைத் துடைத்தேன். புளித்த நாற்றம் அடித்தது. அவ்வளவுதான்."

பாம்பு போனதில் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் என்பதில் சந்தேகமே இல்லை. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

காலை 11.40.

பாஸ்கரன் அறையில் காபி தயாராக இருந்தது. மின்பொறியியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆறாவது வருடம். ஜெர்மன்காரர்கள் நடுவில் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிக்கத் தெரிந்தவன். மாலை வேளைகளில் அவனைத் தேடி வரும் நண்பர் கூட்டம் பெரியது.

"பார்த்தசாரதி நல்ல பையன் வத்சலா," என்றான், கோப்பையை நீட்டியபடி. "ஆனா எலி குடுக்கிறது பாவம் பாவம்னு புலம்பிட்டே இருப்பான். மனசு கேக்காம எங்கயாவது கொண்டு போய் விட்டிருப்பான்னு தோணுது. அவனை ரொம்ப மிரட்டாதீங்க."

"நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"புதன்கிழமை ராத்திரி. கண்ணு பளிச்சுன்னு இருந்துச்சு. நோட்ல எழுதியிருக்கேனே."

"வியாழக்கிழமை சாவியைக் குடுத்ததுக்கு அப்புறம் அந்த ரூமுக்குள்ள போனீங்களா?"

"எப்படிப் போறது? சாவி அவன்கிட்டதானே இருந்துச்சு."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே சுவர்க் காகிதம் வெயிலில் வெளுத்திருந்தது. ஒரே ஒரு பட்டை மட்டும், கையகலத்தில், கட்டிலின் முழு நீளத்துக்குப் பழைய நிறம் மாறாமல் இருந்தது. அதன் நெடுகே சின்னச் சின்னக் குண்டூசித் துளைகள்.

"இங்க என்ன மாட்டியிருந்தீங்க?"

"காலண்டர்."

வத்சலா காபியைக் குடித்து முடித்தாள். காபி நன்றாகவே இருந்தது.

பிற்பகல் 12.30.

சமையலறை மேசையில் சட்டை கிடந்தது. பக்கத்தில் பால் பாத்திரம், துணிப்பை, குறிப்பேடு. லிண்டமான், பார்த்தசாரதி, பாஸ்கரன் மூவரும் உட்கார்ந்திருக்க, வத்சலா நின்றுகொண்டு பேசினாள். வீட்டுக்காரருக்குப் புரிய வேண்டும் என்று ஜெர்மனிலேயே ஆரம்பித்தாள்.

"முதலில் பால். ஜெர்மன்காரர் யாராவது வைத்திருந்தால் புட்டியிலிருந்து அப்படியே ஊற்றியிருப்பார்; எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இவன் எங்கள் ஊர்க்காரன். காய்ச்சி ஊற்றியிருக்கிறான். காய்ச்சிய பால் ஆறினால் ஆடை படியும். வியாழக்கிழமை ஏழு மணிப் பாலின் மேல் படிந்த ஆடை இது. ஒரு கீறல்கூட இல்லை. பாத்திரம் பெட்டி வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. பாம்பு பெட்டியில் இருந்திருந்தால் அதைத் தாண்டாமல் வெளியே வந்து மரப்பட்டைப் பக்கம் போய்ச் சட்டையை உரித்திருக்க முடியாது. தோல் உரிக்கும் முன் பாத்திரத்தில் இறங்கி ஊறும் பாம்பு இது. அப்படியானால் வியாழன் ஏழு மணிக்குப் பிறகு இந்தக் கூண்டுக்குள் எதுவும் அசையவில்லை. கெஸெல் அம்மாள் வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. பால் வைத்த பிறகு இவனும் எடுக்கவில்லை."

"சட்டை இருக்கிறதே," என்றார் லிண்டமான். "புதன்கிழமை வரை உரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. வியாழன் பகலில் உரித்திருக்கலாம். ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் இவன் எடுத்திருக்கலாம்."

"அப்படித்தான் நாம் நினைக்க வேண்டும் என்று யாரோ விரும்பியிருக்கிறார்கள். சட்டையின் கழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம்."

லிண்டமான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"தழும்பு இல்லை," என்றார் கடைசியில்.

"இல்லை. எலி கடித்தது நவம்பரில். டிசம்பரில் உரித்த சட்டையில் தழும்பு தெரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் மூன்று செதிலும் முழுசாக இருக்கின்றன. இது நவம்பருக்கு முன் உரித்த பழைய சட்டை. காய்ந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் புதுசு மாதிரி வளையும். என் வேலையே அதுதான். ஆனால் ஊறவைத்து மறைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. முதுகில் ஐந்து இடத்தில் குண்டூசித் துளை."

அவள் பாஸ்கரன் பக்கம் திரும்பினாள். இப்போது தமிழில் பேசினாள்.

"அஞ்சடி நீளத்துல காலண்டர் நான் பாத்ததில்லை பாஸ்கரன்."

"போன ஜூனில் இவருக்கு ஒரு சட்டை கொடுத்தேன்," என்றார் லிண்டமான், மெதுவாக. "நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்."

"புதன்கிழமை ராத்திரி அந்தப் பழைய சட்டையை உள்ள வச்சிட்டு, கண்ணு தெளிஞ்சிருச்சுன்னு நோட்ல எழுதிட்டீங்க. துண்டைத் தூக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு, நீங்க அதை மதிக்கலைன்னாலும் பார்த்தசாரதி மீற மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். அப்ப புதன்கிழமையே பாம்பு இல்லை." துணிப்பையிலிருந்து எடுத்த காகிதத் துணுக்குகளை மேசையில் வைத்தாள். "இது கார்னிவல் திருவிழால தெருவுல வீசுற காகிதம். திங்கட்கிழமை ஊர்வலம் போச்சு. பூட்டின ரூமுக்குள்ள தொங்குற பைக்குள்ள இது எப்படிப் போச்சு?"

பாஸ்கரன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கோப்பையை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வேஷம் போடுவாங்க," என்றான். "என்ன வேஷம்னு என் ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க. ஆறு வருஷமா இங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கறாங்க வத்சலா. உங்க ஊர்ல தெருவுல பாம்பு ஓடுமா, பாம்பாட்டி இருப்பானா, உனக்கு மகுடி ஊதத் தெரியுமான்னு. ஆறு வருஷமா இல்லை இல்லைன்னு சொன்னேன். அன்னிக்கு ஒரு நாள் ஆமான்னு சொல்லிட்டேன். காவித் துணியில தலைப்பாகை, கழுத்துல லோட்டெ. ரோடு முழுக்கக் கைதட்டுறான். ஆறு வருஷத்துல எனக்கு யாரும் அப்படிக் கைதட்டினதில்லை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். குளிர் மூணு டிகிரி. கோட்டுக்குள்ளதான் அப்பப்ப வச்சுக்கிட்டேன். ராத்திரி விளக்குக்குக் கீழ விட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல அசையலை. புதன்கிழமை காட்டுல கொண்டு போய்ப் புதைச்சேன்."

வத்சலா ஒவ்வொரு வாக்கியத்தையும் ஜெர்மனில் சொன்னாள். எதையும் மென்மையாக்கவில்லை. லிண்டமான் கேட்டுக்கொண்டே சட்டையை நீளவாக்கில் நேராக்கினார். நேராக இருந்ததையே மறுபடி மறுபடி நேராக்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் அழுவதைப் பார்த்து பார்த்தசாரதிக்கும் அழுகை வந்தது.

"செத்துப் போச்சு, சரி," என்றாள் வத்சலா. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா திட்டுவார், அவ்வளவுதானே. இவன் தலையில எதுக்குப் போட்டீங்க?"

"இவன் சின்னப் பையன், வேற ரூம் கிடைச்சிடும்னு..."

"விசா?"

பாஸ்கரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதையும் அவன் யோசித்திருந்தான் என்பது அதிலேயே தெரிந்தது.

லிண்டமான் எழுந்து இழுப்பறையைத் திறந்தார். இரண்டு தாள்களை எடுத்தார். பார்த்தசாரதியின் தாளில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, அவனிடம் கொடுத்தார். மன்னிக்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். இரண்டாவது தாள் பாஸ்கரனுடையது. அவனுடைய விசாவும் இந்த மாதத்தோடு முடிகிறது.

"இதில் நான் போட மாட்டேன்," என்றார். பிறகு யோசித்துப் பார்த்தசாரதியிடம் திரும்பினார். "இவர் ஊருக்கு அனுப்பப் பார்த்தது உன்னை. நீ சொல்."

பாஸ்கரன் காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தசாரதியை நிமிர்ந்து பார்த்தான்.

பார்த்தசாரதி தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "போட்டுடச் சொல்லுங்க அக்கா," என்றான். "ஆறு வருஷம் படிச்சிருக்காரு. பாதியில அனுப்ப வேண்டாம்."

வத்சலா சொன்னாள். லிண்டமான் போட்டார். பாஸ்கரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, பார்த்தசாரதியின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினான்.

பார்த்தசாரதி அந்தக் கையைத் தொடவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க," என்றான்.

அந்த வீடு அவனுடையது இல்லை. ஆனால் அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பாஸ்கரன் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான்.